“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு ப்ராமிஸ் பண்ணுங்க மேம்”

லேப் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ரெக்கார்டு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்கும் மாணவி பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவாள்: “மேம், ஒரு விஷயம் சொல்லணும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு ப்ராமிஸ் பண்ணுங்க.” கேட்பவர் யோசிப்பதில்லை. “சொல்ல மாட்டேம்மா, நீ சொல்லு” என்று வாயில் வந்துவிடும். பரிவில் வருகிற பதில், குறை சொல்ல மனம் வராது. ஆனால் கல்லூரிப் பாலியல் புகார்கள் எந்த இடத்தில் முறிந்தன என்று பின்னோக்கித் தேடிக்கொண்டு போனால், பல சமயம் இந்த ஒரு வாக்கில் வந்து முட்டும். மாணவிக்குப் பதினேழு வயது என்றால் அந்த வாக்கைக் காப்பாற்றுவதே தண்டனைக்குரிய குற்றம். இருபது வயது என்றால் காப்பாற்றலாம். அப்போதும் காப்பாற்றிக்கொண்டு சும்மா இருந்துவிட்டால், கல்லூரிப் புகார்க் குழுவிடம் முறையிட அவளுக்கு இருக்கும் கெடு கண்ணெதிரே முடிந்துபோகும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மாணவி வாயைத் திறந்து முடிக்கும் முன்பே ஹெச்.ஓ.டி. அறைக்கு ஓடுபவர்கள். “எதுவானாலும் உடனே மேலே தெரிவித்துவிடுங்கள், பிறகு நம் தலையில் விழும்” என்று சர்க்குலரிலும் மீட்டிங்கிலும் கேட்டுக் கேட்டு ஊறிய பழக்கம். அவர்களுக்கு இது கடமை உணர்வாகத் தெரிகிறது. மறைப்பதா, சொல்வதா என்ற இரண்டே கதவுகள்தான் இருப்பதாக இரு தரப்பாரும் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு உறுத்துவது அந்த நினைப்புதான். உண்மையில் ஆசிரியரின் கடமை மாணவியின் வயதைப் பொறுத்து மாறுகிறது, நடந்த தேதியைப் பொறுத்து மாறுகிறது. இவற்றில் எதுவும் தெரியாமல், கதையைக் கேட்பதற்கு முன்பே எந்த வாக்கையும் கொடுக்க முடியாது.

ஒரே பெஞ்சில் இரண்டு சட்டங்கள்

பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு வருகிறவர்களில் பலருக்குப் பதினேழு வயதுதான். பிறந்தநாள் நவம்பரிலோ பிப்ரவரியிலோ வரும். அதுவரை சட்டத்தின் கண்ணில் அவர்கள் குழந்தைகள். கல்லூரி ஐ.டி. கார்டு கழுத்தில் தொங்குவதால் இது மாறிவிடாது. முதலாண்டு வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு தோழிகளுக்கு ஒரே ஆள் ஒரே தொல்லையைக் கொடுத்தாலும், ஒருத்தி விஷயத்தில் ஆசிரியர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், இன்னொருத்தி விஷயத்தில் அவள் சம்மதம் இல்லாமல் சொல்லக் கூடாது என்று ஆகலாம்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 19ஆம் பிரிவு, ‘எந்த நபரும்’ என்றுதான் தொடங்குகிறது. குற்றம் நடந்தது தெரியவந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ உள்ளூர்க் காவல் நிலையத்திடமோ தகவல் தர வேண்டும். தராவிட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். குற்றம் செய்தவர் நிறுவனத்தில் வேலை பார்ப்பவராக இருந்து, நிறுவனத் தலைவர் தெரிந்தும் தகவல் தராமல் விட்டால் அவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும். இங்கே கல்லூரிகள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. “பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டேன், இனி அவர் பாடு” என்பது இந்தச் சட்டத்தில் செல்லாது. கடமை கேட்ட ஆசிரியருடையது. பிரின்சிபாலுக்குத் தனியாக ஒரு கடமை இருக்கிறது என்பதால் ஆசிரியருடையது கழிந்துவிடாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைத்தால் வழிகாட்டுவார்கள். ஆனாலும் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் இடம் காவல்துறைதான். வாயால் சொன்னாலும் போதும். போலீசார் அதை எழுதி, பதிவு எண் இட்டு, சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளாமல் நிலையத்தை விட்டு வரக் கூடாது. பின்னால் “யாரும் எங்களிடம் சொல்லவில்லையே” என்ற பேச்சு வந்தால் கையில் இருப்பது அந்த எண் ஒன்றுதான். நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர்மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது என்ற பாதுகாப்பும் அதே பிரிவில் இருக்கிறது.

‘தெரியவருவது’ என்றால் எவ்வளவு தெரிய வேண்டும்? பலரும் தடுமாறும் கேள்வி இது. கேரளத்து மருத்துவர்கள் தொடர்பான ஒரு வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது ஆசிரியர்களுக்கும் உதவும்: கிடைத்த தகவலிலிருந்து குற்றம் நடந்தது தெரிந்தால் சொல்ல வேண்டும், துருவித் துருவி விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. ஆகவே “முதலில் உண்மையா என்று உறுதி செய்துகொள்கிறேன்” என்று சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டுப் பேசுவது கடமையும் இல்லை, புத்திசாலித்தனமும் இல்லை. அதற்குள் அந்தப் பக்கம் செல்போனில் இருந்த ஆதாரமெல்லாம் காலியாகிவிடும்.

சங்கடமான மூலைகள் இரண்டு இருக்கின்றன. பத்தொன்பது வயது மாணவி, ஒன்பதாம் வகுப்பில் உறவினர் ஒருவரால் தனக்கு நடந்ததை இன்று சொல்கிறாள். சொல்பவரின் இன்றைய வயதைப் பற்றி 19ஆம் பிரிவு பேசுவதில்லை. குற்றம் குழந்தைக்கு எதிரானதா என்பதுதான் அதன் கணக்கு. புகாருக்குக் காலவரம்பு எதையும் இந்தச் சட்டம் வைக்கவும் இல்லை. இப்படிப்பட்ட நிலையில் ஆசிரியர் தனியாக முடிவெடுக்காமல், பெயரும் ஊரும் சொல்லாமல் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டாவது மூலை காதல். பதினேழரை வயது மாணவி, தான் விரும்பும் பையனைப் பற்றிப் பேச வந்து, பேச்சுவாக்கில் எல்லை தாண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறாள். வளரிளம் பருவத்துக் காதல்களைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொன்னது. இருந்தாலும் சட்டத்தின் வாசகம் மாறவில்லை. பதினெட்டுக்குக் கீழே சம்மதம் கணக்கில் வராது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரை, அவளும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் மருத்துவர் குறிப்பிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு சலுகை கொடுத்தது. ஆசிரியருக்கு அப்படி எதுவும் இல்லை. இது கொடுமையான விளைவு என்றே நினைக்கிறேன். ஆனால் கொடுமை என்று நினைப்பவருக்கும் பொருந்துவதுதான் சட்டம்.

முன்கூட்டிச் சொல்லிவிடுவது

இதற்கெல்லாம் இருக்கும் ஒரே வழி, மாணவி விஷயத்துக்குள் போவதற்கு முன்பே குறுக்கிட்டு உள்ளதைச் சொல்லிவிடுவது. “இரும்மா, ஒரு நிமிஷம். நீ சொல்றதை ஸ்டாஃப் ரூம்லயோ வீட்டுலயோ பேச மாட்டேன். ஆனா நடந்தப்போ உனக்குப் பதினெட்டு ஆகலைன்னா, சில விஷயங்களை நான் போலீஸ்ல சொல்லியே ஆகணும்னு சட்டம் இருக்கு. பதினெட்டு ஆயிருந்துச்சுன்னா, புகார் கொடுக்கிறதா வேண்டாமான்னு நீதான் முடிவு பண்ணுவ. இதைத் தெரிஞ்சுக்கிட்டு, எவ்வளவு சொல்லணும்னு நினைக்கிறியோ அவ்வளவு சொல்லு.” இவ்வளவுதான். முப்பது வினாடி ஆகும்.

இதைச் சொன்னால் வரும் முதல் எதிர்ப்பு எல்லோருக்கும் தெரிந்ததே: “அப்படிச் சொன்னா அந்தப் பொண்ணு பயந்து வாயை மூடிக்கிட்டுப் போயிடுமே, மேம்?” போகலாம். சிலர் போவார்கள். அந்த இழப்பை இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் மறுபக்கத்தையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். வாக்குக் கொடுத்து முழுவதையும் கேட்டுவிட்டு, மறுநாள் மகளிர் காவல் நிலையத்திலிருந்து அவள் வீட்டுக்கு ஆள் போனால், அவளுக்கு அது இரண்டாவது துரோகம். முதலாவதை ஒருவன் செய்தான். இரண்டாவதை நம்பி வந்த ஆசிரியரே செய்தார். அவள் மட்டுமல்ல, அவளுடைய ஹாஸ்டல் அறையில் இருக்கும் மற்ற மூன்று பேரும் அதற்குப் பிறகு எந்த ஆசிரியரிடமும் வாய் திறக்க மாட்டார்கள். முன்கூட்டிச் சொல்லப்பட்டு எழுந்து போனவளுக்கோ கதவு எங்கே இருக்கிறது, உள்ளே போனால் என்ன நடக்கும் என்று தெரியும். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வர அவளால் முடியும். தன் வாயிலிருந்து வந்த தகவல் எங்கே போகும் என்பதைத் தானே தீர்மானித்தவளாக வருவாள்.

இன்னொன்று, எழுந்து போவதற்கும் முழுவதும் சொல்வதற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. “என் ஃப்ரெண்ட் ஒருத்திக்கு இப்படி நடந்தா என்ன பண்ணணும்?” என்று மாணவிகள் கேட்பார்கள். அந்த ஃப்ரெண்ட் யார் என்று தோண்டக் கூடாது. “அது நீதானே?” என்று கண்ணைப் பார்த்துக் கேட்கும் ஆசிரியர், கனிவாக இருப்பதாக நினைத்துக்கொண்டு அவளுடைய ஒரே மறைவிடத்தைப் பிடுங்கிவிடுகிறார். பொதுவாகக் கேட்ட கேள்விக்குப் பொதுவாகவே பதில் சொல்லலாம்: குழு எங்கே இருக்கிறது, யார் தலைவர், எத்தனை நாள் அவகாசம், ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள், போலீசில் என்ன கேட்பார்கள். பதினெட்டுக்குக் கீழே இருப்பவளுக்குப் போலீஸ் என்றால் காக்கிச் சட்டையும் ஸ்டேஷன் பெஞ்சும்தான் நினைவுக்கு வரும். அவள் வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடியவரை சப் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிய வேண்டும் என்று போக்சோ 24ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றோரோ, அவள் நம்பும் வேறு ஒருவரோ உடன் இருக்கலாம். இந்த ஒரு விவரம் தெரிந்தாலே பாதிப் பயம் இறங்கும்.

தேதி என்ற கணக்கு

பதினெட்டைத் தாண்டியவள் விஷயத்தில் நிலைமை தலைகீழ். வயது வந்தவருக்கு நடந்த பாலியல் தொல்லையைக் கேள்விப்பட்ட ஆசிரியர் போலீசிடம் ஓட வேண்டும் என்று போக்சோ போல ஒரு சட்டம் இல்லை. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும், அதையொட்டி உயர்கல்வி நிறுவனங்களுக்காக பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) கொண்டுவந்த 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் புகாரை அவளுடைய சொத்தாகவே வைத்திருக்கின்றன. இன்றும் பேச்சில் ‘விசாகா கமிட்டி’ என்று சொல்லப்படும் உள்ளகப் புகார்க் குழுவிடம் அவளே எழுத்தில் கொடுக்க வேண்டும். உடல்நிலையோ மனநிலையோ இடம் தராதபோது மட்டும் உறவினர், நண்பர், சக மாணவர், உளவியலாளர் போன்றோர் அவள் சார்பில் கொடுக்கலாம். எழுதத் தெரியவில்லை, கை நடுங்குகிறது என்றால் எழுத உதவுவது குழுவின் கடமை என்று சட்டமே சொல்கிறது.

இதில் கத்தி எங்கே இருக்கிறது என்றால், கெடுவில். சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதம். தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். தகுந்த காரணம் இருந்தால் அதை எழுதிவைத்துக் குழு இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம். கூட்டினால் ஆறு. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்றை இங்கே நினைக்க வேண்டும். கொல்கத்தாவில் ஒரு சட்டப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்மீது ஆசிரியை ஒருவர் கொடுத்த புகார் அது. கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரல், புகார் 2023 டிசம்பர் 26. காலம் கடந்தது என்று தள்ளுபடி செய்தது செல்லும் என்றது நீதிமன்றம். தவறு மறக்கப்படக் கூடாது என்று, அந்தத் தீர்ப்பைத் துணைவேந்தரின் சுயவிவரக் குறிப்பில் சேர்க்கவும் சொன்னது. சட்டம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் வேலை பார்ப்பவருக்கே கெடு தவறியிருக்கிறது. செமஸ்டர் தேர்வு முடியட்டும், இன்டர்னல் மார்க் வரட்டும், லீவு முடிந்து பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் இரண்டாமாண்டு மாணவியின் கதி என்ன? ஒரு செமஸ்டரே மூன்று மாதத்துக்கு மேல்தானே ஓடுகிறது.

ஆகவே வயது வந்த மாணவியிடம் ஆசிரியருக்கு இருக்கும் முதல் வேலை நாளைக் கேட்பது. என்ன நடந்தது என்பதைவிடவும் முதலில், எப்போது, கடைசியாக எப்போது. பிறகு அந்தக் கெடு எந்த நாளில் விழுகிறது என்று காலண்டரில் காட்டுவது. புகார் கொடுப்பது வேறு, புகாருக்குத் தேவையானதைப் பத்திரப்படுத்துவது வேறு என்று பிரித்துச் சொல்வது. வாட்ஸ்அப் சாட்டை அழிக்காமல் எக்ஸ்போர்ட் செய்து தனக்கே மெயிலில் அனுப்பிக்கொள்ளலாம். எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். அருவருப்பில் அவனை பிளாக் செய்து எல்லாவற்றையும் டெலீட் செய்வதுதான் இயல்பு. பிளாக் செய்யட்டும், டெலீட் வேண்டாம். நடந்ததை அவளே ஒரு தாளில் நாள், நேரம், இடம், யார் பார்த்தார்கள் என்று எழுதி, தனக்கே மெயில் அனுப்பி வைத்துக்கொண்டால், நாளை புகார் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது அவளிடம் இருக்கும். இண்டஸ்ட்ரியல் விசிட் பஸ்ஸில் நடந்தது, கல்சுரல்ஸுக்குப் போன இடத்தில் நடந்தது, அது கல்லூரிக் கணக்கில் வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். யு.ஜி.சி. ஒழுங்குமுறையில் ‘வளாகம்’ என்ற சொல்லுக்குள் போக்குவரத்து, கல்விச் சுற்றுலா, முகாம், விளையாட்டுப் போட்டி எல்லாம் அடங்கும்.

புகார் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்புக்கு ஏழு நாளில் நகல் போகும். ரகசியம் வேறு, பெயர் தெரியாமல் இருப்பது வேறு. புகாரைக் குழு ஊருக்குச் சொல்லாது, ஆனால் யார் கொடுத்தார் என்பது அவனுக்குத் தெரியும். இதைச் சொல்லாமல் புகார் எழுத வைத்துவிட்டு, எட்டாவது நாள் அவன் நண்பர்கள் அவளை கேன்டீனில் சூழும்போது, “ரகசியம்னு சொன்னீங்களே மேம்” என்று அவள் வந்து நிற்பாள். அவன் பத்து நாளில் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அறிக்கை அதன்பின் பத்து நாளில், நிர்வாகம் அதன்மீது 30 நாளில். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு செமஸ்டர். அதற்கிடையில் அவனுடன் ஒரே லேபில் நிற்க வேண்டுமா? வேண்டியதில்லை. இடைக்கால நிவாரணம் கேட்கலாம்: செக்‌ஷன் மாற்றம், அவன் அருகே வரக் கூடாது என்ற உத்தரவு, மூன்று மாதம் வரை விடுப்பு. குற்றம் சாட்டப்பட்டவர் ஆசிரியராக இருந்தால், அவளுடைய தாளைத் திருத்துவதிலிருந்தும் மதிப்பிடுவதிலிருந்தும் அவரை விலக்கச் சொல்லலாம். இன்டர்னல் மார்க் கையில் வைத்திருப்பவருக்கு எதிராகவும், பிஹெச்.டி. கைடுக்கு எதிராகவும் வாய் திறக்க முடியாமல் இருப்பதற்குப் பெரிய காரணமே இதுதான். ஆனால் புகாரிலேயே இதைக் கேட்டு எழுதுபவர்கள் குறைவு. எழுத்தில் கேட்காத நிவாரணம் தானாக வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஒரு பக்கக் குறிப்பு. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு மட்டுமானது. யு.ஜி.சி. ஒழுங்குமுறையோ ஆண் மாணவர்கள், மூன்றாம் பாலினத்தவர் ஆகியோருக்கு எதிரான வன்முறைமீதும் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. போக்சோ ஆண், பெண் பார்ப்பதில்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் வயது வந்த ஆண்மீதான வன்புணர்ச்சிக்குத் தனிப் பிரிவே இல்லை. அப்படிப்பட்ட வழக்குகளுக்குப் பயன்பட்ட பழைய 377ஆம் பிரிவு முழுவதுமாக உதிர்ந்துவிட்டது. ஹாஸ்டல் சீனியரால் சீரழிக்கப்பட்ட பையன் ஒருவன் ஆசிரியரிடம் வந்தால், ‘இதெல்லாம் ராகிங்’ என்று தட்டிக்கழிக்காமல் இருப்பதற்காவது இது தெரிந்திருக்க வேண்டும்.

மேலே தெரிவிப்பது என்னும் பழக்கம்

ஹெச்.ஓ.டி., டீன், பதிவாளர், துணைவேந்தர் போன்ற உயர் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் புகார்க் குழுவில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று யு.ஜி.சி. ஒழுங்குமுறை வெளிப்படையாகச் சொல்கிறது. குழுவின் தன்னாட்சிதான் காரணம். அப்படியிருக்க, மாணவி சொன்னதை முதலில் ஹெச்.ஓ.டி.யிடம் கொண்டுபோவது எந்த விதியில் வருகிறது? எந்த விதியிலும் இல்லை. அது அலுவலக மரபு, அவ்வளவுதான். சொன்னவுடன் நடப்பதும் எல்லோருக்கும் தெரியும். “பேரண்ட்ஸை வரச் சொல்லுங்க.” அப்பா வருவார். “படிச்சது போதும், டி.சி. வாங்கு” என்பார். புகார் போயிற்று, மாணவியும் போனாள், கல்லூரியின் பெயர் தப்பியது. வயது வந்த மாணவியின் சம்மதமில்லாமல் வீட்டுக்குச் சொல்வதால் விளையும் கேடு, பல நேரம் அவள் புகார் சொல்ல வந்த கேட்டைவிடப் பெரிதாகிவிடும். பதினெட்டுக்குக் கீழே இருப்பவளாக இருந்தாலும், தொல்லை தந்தவர் வீட்டிலேயே இருக்கலாம் என்பதை மறந்து பெற்றோருக்கு போன் போடக் கூடாது.

அமெரிக்காவில் இந்த ‘மேலே தெரிவி’ என்பதையே சட்டமாக்கிப் பார்த்திருக்கிறார்கள். டெக்ஸாஸ் மாநிலம் 2019இல் இயற்றிய சட்டப்படி, மாணவர்மீதான பாலியல் அத்துமீறலைக் கேள்விப்பட்ட கல்லூரி ஊழியர் உரிய அதிகாரிக்குத் தெரிவிக்காவிட்டால் வேலையும் போகும், கிரிமினல் குற்றமும் ஆகும். ஒரேகான் பல்கலைக்கழகம் வேறு வழி எடுத்தது. அங்கே பெரும்பாலான ஆசிரியர்கள் மாணவர் விரும்பினால் மட்டுமே தெரிவிப்பார்கள். விரும்பாவிட்டால் உதவி கிடைக்கும் இடங்களைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். இரண்டில் எது சரி என்றால், வயது வந்தவர்களைப் பொறுத்தவரை என் வாக்கு ஒரேகானுக்குத்தான். நடந்ததில் அவளிடமிருந்து பறிக்கப்பட்டது அவளுடைய சம்மதம். உதவுகிறேன் என்று வருகிறவரும் முதல் வேலையாக அதையே பறித்தால் எப்படி? நம் சட்டம் வயது வந்தவர் விஷயத்தில் ஆசிரியர்மேல் அப்படிக் கடமை ஏற்றவில்லை. கல்லூரிகள்தான் தாமாகவே ஒரு டெக்ஸாஸைக் கட்டிக்கொள்கின்றன.

கசிவு பற்றிய பயம் கற்பனை அல்ல. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவிக்கு நடந்த வன்கொடுமை வழக்கில் எஃப்.ஐ.ஆரே இணையத்தில் கசிந்து அவள் விவரங்கள் வெளியே வந்தன. 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வன்புணர்ச்சி வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. பணியிடச் சட்டத்தின்கீழ் புகாரைக் கையாளும் பொறுப்பில் இருப்பவர் விவரங்களைக் கசியவிட்டால் 5,000 ரூபாய். அந்தத் தொகையைப் படிக்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் “நம்ம செகண்ட் இயர் பொண்ணு ஒண்ணு...” என்று பெயரில்லாமல் எழுதினாலும், அறுபது பேர் வகுப்பில் ஆளைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும்.

அந்தப் பத்து நிமிடம்

உட்காரும் இடம் முக்கியம். ஸ்டாஃப் ரூம் வேண்டாம். கதவை அடைத்த அறையும் வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும், பேசுவது கேட்கக் கூடாது. காலியான வகுப்பறை, லைப்ரரி மூலை. கேட்பவர் ஆண் ஆசிரியர் என்றால், பெண் ஆசிரியர் யாராவது உடன் இருக்க வேண்டுமா என்று அவளிடமே கேட்கலாம். தானாகப் போய் இன்னொருவரைக் கூட்டிவரக் கூடாது, அதுவே ஒரு கசிவுதான்.

“ஏன் முதல்லயே சொல்லல?” வேண்டாம். “நீ ஏன் அங்க தனியா போன?” வேண்டாம். “அவர் அப்படிப்பட்டவர் இல்லையே” என்பது எல்லாவற்றையும்விட மோசம். விவரங்களையும் தோண்ட வேண்டாம். இதற்குக் கனிவு மட்டும் காரணமல்ல. அவள் ஆசிரியரிடம் ஒரு முறை, குழுவிடம் ஒரு முறை, போலீசிடம் ஒரு முறை, மாஜிஸ்திரேட்டிடம் ஒரு முறை சொல்ல வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் சின்னச் சின்ன மாற்றம் வரும். மனிதர் யார் சொன்னாலும் வரும். குறுக்கு விசாரணையில் அந்த மாற்றங்களைத்தான் பிடித்து இழுப்பார்கள். ஆசிரியரே சாட்சியாக அழைக்கப்படலாம். அதனால் அன்று மாலையே ஒரு தாளில், அவள் சொன்ன சொற்களை அவள் சொன்னபடியே, நாளும் நேரமும் போட்டு எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ள வேண்டும். “மனமுடைந்திருந்தாள்” என்று எழுத வேண்டாம். “இரண்டு முறை பேச்சை நிறுத்தி அழுதாள்” என்று எழுதலாம். மென்டார் ரெஜிஸ்டரில் எழுதக் கூடாது. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது அந்த ரெஜிஸ்டர் மேசைக்கு மேசை போகும்.

நடந்து மூன்று, நான்கு நாள்தான் ஆகிறது என்றால் வரிசை மாறும். முதலில் ஆஸ்பத்திரி. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கருத்தடை அவசர மாத்திரையும் அப்படியே. உடலிலிருந்து தடயம் எடுப்பது 72 மணி நேரத்துக்குப் பிறகு கடினம். மத்திய சுகாதாரத் துறை வழிகாட்டுதல் 96 மணி நேரம் வரை எடுக்கச் சொல்கிறது. உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துத் தடயம் கெடும். ஏற்கெனவே குளித்துவிட்டாலும் போகலாம், அதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. அரசு, தனியார் எந்த ஆஸ்பத்திரியும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் சொல்லும், சட்டம் அப்படி. வயது வந்தவள் வழக்கு வேண்டாம் என்றால் அந்த மறுப்பை அவர்கள் எழுத்தில் பதிந்துகொள்வார்கள். சிகிச்சையை நிறுத்த மாட்டார்கள். இதை ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிட வேண்டும். சாவைப் பற்றி ஏதாவது பேச்சு வந்தால் அன்றிரவு அவளைத் தனியாக விடக் கூடாது. மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

குழுவின் பெயர்ப் பட்டியல் நோட்டீஸ் போர்டில் இருக்கும். அதில் இருக்கும் எண்ணை ஆசிரியர் தாமே ஒரு முறை அழைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. ஓய்வுபெற்றுப் போனவரின் பெயர் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும் போர்டுகள் உண்டு.

அவள் யோசித்துவிட்டு, “இப்போ எதுவும் வேண்டாம் மேம்” என்று சொன்னால், அதற்கு மேல் வற்புறுத்த ஒன்றுமில்லை. கடைசிச் சம்பவத்தின் தேதியிலிருந்து பத்து வாரம் எண்ணி, டைரியில் அந்த நாளில் அவள் பெயர் இல்லாமல் ஒரு புள்ளி மட்டும் வைத்துக்கொள்ளலாம். அந்த நாள் வந்ததும் வராந்தாவில் நிறுத்தி, “இன்னும் மூணு வாரம் டைம் இருக்கும்மா, உனக்கு ஞாபகப்படுத்தணும்னு தோணிச்சு” என்று ஒரே ஒரு முறை. அவள் தலையை ஆட்டிவிட்டு வகுப்புக்குப் போகலாம். அல்லது, “எழுதிட்டேன் மேம், யார்கிட்ட கொடுக்கணும்?” என்று கேட்கலாம்.